காண்டாக்ட் இல்லாத தாய்மாமன்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் சுகாதார ஊழியர்களிடம் பத்து நிமிஷம் பேச வேண்டும், கொஞ்சம் உற்சாகமூட்டும்படி இருக்கட்டும் என்று என்னைக் கேட்டார்கள். உற்சாகமூட்ட உங்களுக்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். திரையில் படம் காட்டுவார்கள், கடைசிப் படத்தில் ஒரு சூரியகாந்திப் பூவைப் போட்டு ‘நன்றி’ என்று எழுதியிருப்பார்கள். நான் முப்பத்தொரு வருஷம் புதுச்சேரி நகரத்தில் பொது சுகாதாரச் செவிலியாக இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவள். என்னிடம் சூரியகாந்தி கிடையாது. இரண்டு முட்டாள்தனங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில், பதினோரு மணி டீக்கு முன்பே செய்து முடித்தேன். பேசினால் நடுவில் மைக்கைப் பிடுங்கிவிடுவீர்கள் என்பதால் எழுதித் தருகிறேன்.

நோயைப் பற்றி உங்கள் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். எனக்கு நான்கு வரி போதும். மெனிஞ்சோகாக்கஸ் என்ற கிருமி பலருடைய தொண்டையில் சாதுவாகக் குடியிருக்கிறது. யாரோ ஒருவருக்கு மட்டும் அது ரத்தத்தில் இறங்கி, மூளையைச் சுற்றியிருக்கும் உறையைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தால் சில மணி நேரத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். எச்சில் வழியாக, நெருங்கி இருப்பவர்களுக்குத்தான் அது போகும். அந்த நெருங்கியவர்கள் யார் என்று கண்டுபிடித்து ஒரு நாளுக்குள் தடுப்பு மாத்திரை கொடுத்துவிட வேண்டும். நம் வேலை அவ்வளவுதான். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்.

கொரோனா அடங்கி, முகக்கவசங்கள் எல்லாம் ஆட்டோ கண்ணாடியில் தொங்க ஆரம்பித்திருந்த காலம். ஒரு நாள் காலை எட்டரை மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் சுகாதார நிலையத்துக்குப் போன் வந்தது. நெல்லித்தோப்பில் இருக்கும் லூர்து, வயது இருபத்து மூன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறான். முந்தாநாள் தலைவலி, நேற்று காய்ச்சல், இன்று விடியும்போது கழுத்து வளையவில்லை. உடம்பெல்லாம் ஊதாப் புள்ளிகள். முதுகுத்தண்டு நீரைப் பார்த்த டாக்டர்கள் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். எங்கள் டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது; வேலைக்கு வந்து ஆறு மாதம்தான். “சிஸ்டர், இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒருத்தர் விடாம கண்டுபிடிச்சுடணும்” என்றார். நான் சிரித்தேன். இந்த நகரத்தில் எனக்குத் தெரியாத சந்தா, தெரியாத வீடா?

மேல் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று போன் செய்தேன். எடுத்த கிளார்க்கிடம் ‘மெனிஞ்சோகாக்கல் மெனிஞ்சைட்டிஸ்’ என்று மூன்று முறை சொன்னேன்.

“ஸ்பெல்லிங் சொல்லுங்க சிஸ்டர்.”

சொன்னேன்.

“எம்முக்கு அப்புறம் என்னா?”

எனக்கு அவசரம். “மூளைக்காய்ச்சல்னு எழுதிக்குங்க சார், போதும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்றைய முதல் முட்டாள்தனம் இது. ஆனால் அப்போது அது எனக்குச் சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

ஒன்பதரை மணிக்கு லூர்துவின் வீட்டில் இருந்தேன். அப்பா பிரகாசம் ஒரு காலத்தில் மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு ஒரு துணிக்கடையில் வாட்ச்மேன். அம்மா ஆரோக்கியமேரி. மகனைப் பார்க்க உள்ளே விடமாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அவள் மயங்கி விழ, வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். மூத்த மகளும் மருமகனும் குழந்தையும் கூடவே அதே வீட்டில். இது போதாதென்று செபமாலை சொல்ல உறவுக்காரர்கள் இருபது பேர் வந்து, இரண்டு அறை வீட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் படிவத்தை எடுத்தேன். பெயர், வயது, உறவு, அதற்குப் பக்கத்தில் ‘நோயாளியுடன் தொடர்பு: உண்டு / இல்லை’ என்று ஒரு கட்டம். கொரோனா சமயத்தில் இதே வீட்டுக்குத்தான் நான் தகரம் அடித்துப் பதினாலு நாள் பூட்டி வைத்தேன். என் கையில் படிவத்தைப் பார்த்ததும் இருபது பேரில் பதினான்கு பேருக்கு வேறு எங்கோ அவசர வேலை இருந்தது ஞாபகம் வந்துவிட்டது.

“ஆரோக்கியமேரி, லூர்துவுக்கு யார் யாரோட காண்டாக்ட்? யோசிச்சு சொல்லு.”

“நாங்க அஞ்சு பேருதான் சிஸ்டர். கார்டுல இருக்கிறவங்கதான். வேற யாரும் கெடையாது.”

ரேஷன் கார்டைக் கொண்டுவந்து வைத்தாள். நானும் அதைப் பார்த்து வரிசையாக எழுதினேன். கடமைக்கு ஒரு கேள்வி கேட்டேன்: “சொந்தக்காரங்க? உன் கூடப் பொறந்தவங்க?”

“எனக்கு ஒரே தம்பி, சவரி. அவனோட எங்களுக்கு காண்டாக்டே கெடையாது சிஸ்டர். மூணு வருசமாச்சு.”

அவள் சொன்ன காரணத்தைக் கேட்டு நான் மனசுக்குள் சிரிக்கவும் செய்தேன். மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை முதலில் போடாமல், யாரோ பிரான்சிலிருந்து வந்த சித்தப்பாவின் பெயருக்குக் கீழே கடைசியில் போட்டுவிட்டார்களாம். சவரி கல்யாணத்துக்கே வரவில்லை. வராதவனோடு என்ன பேச்சு என்று இவளும் விட்டுவிட்டாள். அந்த இடத்தில் நான் படிவத்தை மூடினேன். இது இரண்டாவது முட்டாள்தனம். நான் ‘காண்டாக்ட்’ என்று கேட்டது எச்சிலைப் பற்றி. அவள் பதில் சொன்னது பேச்சுவார்த்தையைப் பற்றி. நம் ஊரில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம், கூடுதலாகத் தகரம் என்றும் ஒரு அர்த்தம் உண்டு. எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் ஆறு மாத அனுபவமுள்ள டாக்டரம்மாவுக்கு என் முப்பது வருஷ அனுபவத்தைக் காட்டும் அவசரம்.

ஐந்து பேருக்கும் மாத்திரையை என் கண் முன்னால் போடவைத்து, குழந்தைக்கு அளவு பார்த்து மருந்து கொடுத்து, காய்ச்சலோ புள்ளியோ தெரிந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது தெருமுனையில் டுர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

கொசு மருந்துப் புகை வண்டி!

எங்கள் துறையில் ‘மூளைக்காய்ச்சல்’ என்றால் பல வருஷமாக ஒரே அர்த்தம்தான்: கொசுவால் வருவது, பன்றியிடமிருந்து வருவது. கிளார்க் அந்தச் சொல்லை எழுதினார், மேலதிகாரி கையெழுத்துப் போட்டார், கொசுப் பிரிவு கிளம்பிவிட்டது. ஒரு ஊசி வேண்டுமென்று நான் கேட்டால் மூன்று நாள் ஆகும். அன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில் முழுத் துறையும் ஓடிவந்திருந்தது.

தெருவே வெள்ளையாகிவிட்டது. புகை வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொள்வார்கள். லூர்து வீட்டிலும் சாத்தினார்கள். காற்றோட்டம் வேண்டும், நெருக்கம் கூடாது என்று பத்து நிமிஷம் முன்னால்தான் அவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தேன். இப்போது பதினோரு பேர் ஒரு மூடிய அறையில் முகத்தோடு முகம். நான் பாய்ந்து ஜன்னலைத் திறந்தேன். புகை உள்ளே வந்தது. எல்லோரும் இருமினார்கள். எச்சில் தெறித்துப் பரவுகிற நோய்க்கு நானே ஏற்பாடு செய்து கொடுத்த இருமல் அது.

வெளியே ஓடினேன். வண்டிக்குப் பக்கத்தில் கொசுப் பிரிவு மேற்பார்வையாளர் நின்றிருந்தார். என் வயது, என்னைப் போலவே ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்.

“சார், நிறுத்துங்க! இது கொசுவால வர்ற நோய் இல்ல.”

“நீங்கதான சிஸ்டர் மூளைக்காய்ச்சல்னு சொன்னீங்க?”

“சொன்னேன். இது வேற மூளைக்காய்ச்சல்.”

“ஆளுக்கு ஒரு மூள தான சிஸ்டர் இருக்கு?”

அதற்குப் பதிலை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் அந்தப் பகுதிப் பிரமுகர் ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்து, புகைக்கு முன்னால் நின்று கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார். புகை சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை அடிக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் வந்தார். தன் தெருவில் எல்லோருக்கும் அந்த மாத்திரை வேண்டும், தடுப்பூசி இருந்தால் அதுவும் வேண்டும் என்றார். அந்தத் தடுப்பூசியை ஹஜ் போகிறவர்களுக்கும் வெளிநாடு படிக்கப் போகிற சில பேருக்கும் போடுகிறோம், போட்டாலும் பலன் தெரியச் சில நாள் ஆகும், இன்றைய அவசரத்துக்கு அது உதவாது என்று விளக்கினேன். அவர் காதில் ‘இருக்கிறது, ஆனால் தரமாட்டேன்’ என்று விழுந்தது. அதை அவர் தெருவுக்கே கேட்கும்படி சொல்லி முடிப்பதற்குள் என் முன்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

இதை நீங்களும் பார்ப்பீர்கள். மாத்திரை தேவைப்படுகிறவன் பின்வாசல் வழியாக ஓடுவான். தேவையில்லாதவன் வரிசையில் முதல் ஆளாக நிற்பான். என் கையில் இருந்தது ஒரு டப்பா. கத்திப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன்: “இந்த மாத்திர போட்டா ஒண்ணுக்கு செவப்பா போவும். வேர்வ, கண்ணீர்கூட செவக்கும். பரவால்லன்னா நில்லுங்க.” வரிசை பாதியானது. “ஆம்பளைங்களுக்குமா சிஸ்டர்?” என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். மீதியும் கலைந்தது. பிரமுகருக்கும் ஒரு கூட்டம் இருந்தது ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் கோவிந்தன் கத்திக்கொண்டே வந்தான். தெருக்கோடியில் வீடு, மூலக்குளத்தில் காலி மனைகளுக்குப் பின்னால் பன்றி வளர்க்கிறவன். புகை வண்டியை அனுப்பிய அதே உத்தரவு அவன் பன்றிகளையும் பிடிக்க இன்னொரு வண்டியை அனுப்பியிருந்தது.

“எவனுக்கோ காய்ச்சல் வந்தா என் பன்னிதான் கெடச்சுதா சிஸ்டரம்மா? என் பன்னி யாரு வாயிலயாவது வாய வச்சுதா? என் பன்னிக் கொட்டாயிக்குப் பக்கத்து ஷெட்ல தெனம் பீப்பி ஊதுறானுங்களே பேண்டு செட்டுக்காரனுங்க, அவனுங்களப் போயி புடிங்க. ஒருத்தன் ஊதுன பீப்பிய இன்னொருத்தன் அப்படியே வாங்கி ஊதுறான். மாமனும் மருமவனும் ஒரே பீப்பி. கண்றாவி!”

“எந்த மாமன்? எந்த மருமகன்?”

“அதான், காய்ச்சல்ல கெடக்கிறானே, அந்த லூர்துதான். மாமன் சவரி.”

முப்பது வருஷ அனுபவத்துக்கு எட்டாதது, பன்றிக்காகச் சண்டை போட வந்தவனுக்குத் தெரிந்திருந்தது. என் தப்பான சொல் அவன் பன்றியைப் பிடிக்கப் போயிருக்காவிட்டால் அவன் வந்திருக்கவும் மாட்டான்.

உள்ளே போய் ஆரோக்கியமேரியிடம் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “என் புள்ள அவன் மூஞ்சில முழிக்கமாட்டான் சிஸ்டர். வேலைக்குப் போறான், வர்றான். பேண்டாவது ஒண்ணாவது!” சத்தியம் செய்யப் போனவளைத் தடுத்துவிட்டு வெளியே வந்தேன். பிரகாசம் என் பின்னாலேயே வந்து, சந்து திரும்பியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவளுக்குத் தெரியாது சிஸ்டர். எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா மாமனும் அவனும் ஒரே பேண்டுலதான் ஊதுறாங்க. டிரம்பெட்டு ஒண்ணுதான் இருக்கு. போவும்போது ஒருத்தன் ஊதுவான், வரும்போது ஒருத்தன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, இருக்கிற நெலமையில தாங்கமாட்டா.”

சவரியின் நம்பரை அவரே போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. பேண்டு அன்று கனகசெட்டிக்குளத்தில், ஒரு பெரியவரின் இறுதி ஊர்வலத்துக்குப் போயிருக்கிறது என்றார். அந்தச் சத்தத்தில் போன் எப்படிக் கேட்கும்?

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன், என் இரண்டு தவறுகளையும் சேர்த்துத்தான். அவர் திட்டவில்லை. “கருவியில இருந்து பரவுமான்னு புத்தகத்தில உறுதியா இல்ல சிஸ்டர். ஆனா ஒரே மூடின ஷெட்ல வாரக்கணக்கா, ஒருத்தர் வாயில இருந்து சூட்டோட இன்னொருத்தர் வாய்க்கு. நான் யோசிக்கமாட்டேன். மாத்திரை கொடுங்க, மொத்த பேண்டுக்கும்.” ஆறு மாத அனுபவம்! யோசித்தால் நேரம் போகும் இடத்தில் யோசிக்கவில்லை. நான் யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிக்காமல் விட்டவள்.

எங்கள் ஜீப் பட்டறையில் இருந்தது. தெருவில் நின்ற ஒரே அரசாங்க வண்டி புகை வண்டிதான். மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு என் மேல் கோபம், நியாயமான கோபம். ஆனால் நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்கவில்லை. “ஏறுங்க சிஸ்டர்” என்றார். அவரே ஓட்டினார். ஹாரன் வேலை செய்யவில்லை. முத்தியால்பேட்டை நெரிசலில் ஒரு தடவை லேசாகப் புகையை விட்டார். வழி விட்டார்கள்.

கனகசெட்டிக்குளத்தில் ஊர்வலம் கடற்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் பேண்டு செட்டு, நம் போலீஸ்காரர்கள் போடுவது போலத் தலையில் சிவப்புக் கெப்பித் தொப்பி. நடுவில் டிரம்பெட்டோடு நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள், முகம் கொதித்துச் சிவந்திருந்தது. பக்கத்தில் போய் நடந்துகொண்டே கேட்டேன்.

“நீங்கதான சவரி? லூர்துவோட மாமா?”

வாயிலிருந்து டிரம்பெட்டை எடுத்தார். “எங்க அக்கா வூட்டோட எனக்கு காண்டாக்டே கெடையாதும்மா. மூணு வருசமாச்சு.” மறுபடியும் ஊத ஆரம்பித்தார்.

அக்காளும் தம்பியும் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார்கள். மூன்று வருஷமாகப் பேசாதவர்களுக்குள் என்ன ஒற்றுமை! வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

“லூர்து ஐ.சி.யூ.ல இருக்கான்.”

பாட்டு பாதியில் நின்றது. அவர் என்னையே பார்த்தார். “தலவலின்னுதான சொன்னான்? முந்தாநாள் ரிகர்சல்ல தல வலிக்குது மாமான்னு இத எங்கிட்ட குடுத்துட்டுப் போனான். நேத்து போன் பண்ணேன், எடுக்கல.”

“வாங்கி, கழுவிட்டு ஊதினீங்களா?”

“தொடச்சிட்டுதான் ஊதுனேன்.”

“எதுல தொடச்சீங்க?”

“கைலியிலதான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எனக்கும் காலையிலேருந்து ஒடம்பு கொதிக்குதும்மா. வெயில்னு நெனச்சேன்.”

சட்டைக் கையை மடக்கச் சொன்னேன். முழங்கைக்கு மேல் நான்கைந்து ஊதாப் புள்ளிகள். எதிர்க் கடையிலிருந்து ஒரு டீ கிளாஸ் வாங்கி அந்தப் புள்ளிகள் மேல் அழுத்தினேன். சாதாரணச் சிவப்பாக இருந்தால் கண்ணாடிக்குக் கீழே மறைய வேண்டும். மறையவில்லை. என் பையில் இருந்த தடுப்பு மாத்திரைக்கு இனி இவரிடம் வேலையில்லை. தடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. காலை ஒன்பதரைக்கு நான் சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் இந்த மனிதர் இந்நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருப்பார். உச்சி வெயிலில் பிணத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு நடந்திருக்க மாட்டார்.

டாக்டரம்மா போனில் பதற்றமே இல்லாமல் சொன்னார்: “ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காதீங்க. வழியில இருக்கிற சுகாதார நிலையத்தில முதல் ஊசி போட்டுட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டு இடத்துக்கும் நான் சொல்லி வைக்கிறேன்.”

மற்ற ஆறு பேண்டுக்காரர்களுக்கும் நின்ற இடத்திலேயே மாத்திரை கொடுத்தேன். இறந்தவரின் மகன் வந்து ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சவரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ போய்யா, அப்பா ஒண்ணும் நெனச்சுக்கமாட்டாரு” என்றார். வண்டியில் ஏற்றும்போது அவரே மேற்பார்வையாளரிடம் போய், வந்ததுதான் வந்தீர்கள், எங்கள் தெருவுக்கும் ஒரு தடவை புகை அடித்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டார். மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டியில் சவரி என் தோளில் சாய்ந்திருந்தார். பேசியது ஒரே ஒரு தடவை. “அக்காவுக்குச் சொல்லாதீங்கம்மா. மாமனோட சேந்தான்னு அவன திட்டும்.”

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சவரி பதினோராம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். லூர்துவும் பிழைத்தான், இடது காது கேட்காது. பேண்டில் வேறு யாருக்கும், வீட்டில் யாருக்கும் நோய் வரவில்லை. பத்து நாள் தினமும் போய்ப் பார்த்தேன். பேண்டு செட்டுக்கு இப்போது இரண்டு டிரம்பெட். அடுத்த மாதம் வந்த மேல் அலுவலக அறிக்கையில், கொசு ஒழிப்புப் பணிகள் போர்க்கால அடிப்படையில் நடந்ததால் நோய் கட்டுப்படுத்தப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். கொசுப் பிரிவு மேற்பார்வையாளருக்குப் பாராட்டுச் சான்றிதழ், எனக்கு மெமோ. புகை வண்டியை அதன் எல்லையைத் தாண்டி கனகசெட்டிக்குளம் வரை கொண்டுபோனதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். மெமோவைப் பார்த்துவிட்டு அவர் சான்றிதழை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புகைக்காக இல்லாவிட்டாலும் வண்டிக்காக அது அவருக்குச் சேர வேண்டியதுதான்.

அறிக்கையில் வராத ஒன்று உண்டு. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். மகனைப் பார்க்க வந்தவளைத் தாண்டித்தான் தம்பியை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பேண்டுச் சட்டையோடு, கெப்பியை நெஞ்சில் வைத்தபடி. சொல்லாதீர்கள் என்று இரண்டு ஆண்கள் என்னிடம் கேட்டுக்கொண்டதை அந்தத் தள்ளுவண்டி ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

படிவத்தை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை அந்தப் பாழாய்ப்போன வார்த்தையை நான் உச்சரிக்கவில்லை. “போன ஒரு வாரத்துல லூர்து எச்சில் யார் யார் மேல பட்டிருக்கும்? யாரோட தட்டுல சாப்பிட்டான், யார் பக்கத்துல படுத்தான், யார் வாய வச்சதுல வாய வச்சான்?”

மெதுவாகச் சொன்னாள். காலையில் வராத இரண்டு பெயர்கள் இப்போது வந்தன, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கும் வேலையிடத்து நண்பன் உட்பட. அப்படியே கிளம்பி, இருட்டுவதற்குள் அவர்களுக்கும் மாத்திரை கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். எழுதி முடித்து, கடைசி வரியில் நானே ‘சவரிராயன்’ என்று எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன கீழ போடாதீங்க சிஸ்டர்.”

எனக்குப் புரியவில்லை.

“பத்திரிகையில கீழ போட்டுத்தான மூணு வருசம் போச்சு. மொதப் பேரா போடுங்க.”

என் வேலைக்காலத்தில் அரசாங்கப் படிவத்தை நான் கிழித்தது அந்த ஒரு தடவைதான். புதுத் தாள் எடுத்து முதல் வரியில் எழுதினேன்: சவரிராயன், வயது நாற்பத்தைந்து, தாய்மாமன். ‘நோயாளியுடன் தொடர்பு’ என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனாவை அவள் கையில் கொடுத்தேன். ‘உண்டு’ என்று அவளே எழுதினாள்.